எண்ணெய் ஓட்டும் எழும்பாத இன்ஜினும்

முப்பத்திரண்டு வயதில் ரிட்டயர் ஆனவன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். மெடிக்கல் போர்டு அப்படித்தான் முடிவு கட்டியது. இடது கண்ணில் உளிச் சில்லு தெறித்தது. ஆஸ்பத்திரியில் கண்ணைக் காப்பாற்றினார்கள், பார்வையைக் காப்பாற்ற முடியவில்லை. கிரேனுக்குக் கை காட்டுகிறவனுக்கு இரண்டு கண்ணும் வேண்டும். ஒற்றைக் கண்ணுக்குப் பாரம் எவ்வளவு தூரத்தில் தொங்குகிறது என்பது பிடிபடாது. அதனால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் காலையில் ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினால் நான் எழுந்து சட்டையை மாட்டிக்கொள்கிறேன். தெருமுனை வரை போகிறேன். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பி வருகிறேன்.

நம் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று பரசுராமனும் அவன் கூட்டாளிகளும் வந்தார்கள். எல்லாரும் ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள். சங்கத் தேர்தல் மறுபடி வரப்போகிறது. "போன தேர்தலுக்கு அப்புறம் ஷாப்பே ரெண்டாப் பொளந்து கெடந்துச்சாமே, அண்ணே. எப்பிடிச் சேந்தீங்க? அத எழுதுங்க" என்றான். சேர்ந்தோமா என்பதே எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட எழுதுவது மேல். வெளியே ஊர் நிலைமையும் ஒருவரை உட்காரவிடும் நிலைமையாக இல்லை. இந்தியாவில் சுதந்திரக் கொடி ஏறிவிட்டது. நிஜாம் சீமையில் நாளைக்கு எது ஏறும் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் ஆட்கள் குடியிருக்கும் மல்காஜ்கிரியில் தினமும் யாராவது பெண்டு பிள்ளைகளை மதராஸ் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தனியாக வீடு திரும்புகிறார்கள்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என் நைனா தண்டவாளத்தில் கேங் கூலி. வட ஆர்க்காட்டிலிருந்து சம்மட்டியோடு வந்தவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். எட்டாவது வரை படித்ததற்கு ஆபீசில் பியூன் வேலை கிடைத்திருக்கும். எனக்கு இன்ஜின்தான் வேண்டியிருந்தது. அப்ரண்டிஸாக உளி பிடித்தேன், கிரீஸ் பூசினேன், திட்டு வாங்கினேன். பிறகு இன்ஜின் தூக்கும் ஷாப்பில் கை காட்டும் வேலை கிடைத்தது. அந்த ஷாப்பைத் தெரியாதவர்களுக்காக அந்த வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ரிப்பேருக்கு வந்த இன்ஜினைச் சக்கரத்திலிருந்து பிரிக்க வேண்டும். ஷாப்பின் தலைக்கு மேல் இரண்டு பக்கச் சுவரிலும் தண்டவாளம் ஓடும். அதன்மேல் இரண்டு கிரேன்கள். ஒன்று இன்ஜினின் முன்பக்கத்தைப் பிடிக்கும், மற்றொன்று பின்பக்கத்தை. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் தூக்க வேண்டும். சக்கரங்கள் கீழே தண்டவாளத்திலேயே நின்றுவிடும், மேலுடம்பு மட்டும் எழும்பும். போதுமான உயரம் வந்ததும் ஆட்கள் அந்தத் தொங்கும் இன்ஜினுக்கு அடியில் புகுந்து, கடப்பாரையால் சக்கரங்களை உந்தி உருட்டி வெளியே கொண்டுவருவார்கள். அந்த வேலை முடியும்வரை அவர்கள் தலைக்கு மேல் இருப்பது கூரையல்ல. இரண்டு டிரைவர்களின் கை.

மேலே கூண்டில் இருக்கும் டிரைவர்கள் இருவருக்கும் கீழே ஒரே ஒருவன்தான் எஜமான்: கை காட்டுகிறவன். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து விரலை ஆட்டினால் தூக்கு. கையை மூடினால் நில். வேறு எவன் கத்தினாலும் காதில் விழக்கூடாது.

எங்கள் ஷாப்பை மேற்பார்வை பார்க்கும் சார்ஜ்மேன் கஃபூர் சாஹிப். பழைய ஹைதராபாத்காரர். மதராஸ்காரர்களோடு வேலை செய்தே தமிழ் கற்றுக்கொண்டவர்; அந்தத் தமிழை அவர் தம் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டிருந்தார். எந்த இன்ஜினையும் தூக்குவதற்கு முன்னால் ஒரு சுற்று நடப்பார். இன்ஜினைக் கட்டியிருக்கும் ஒவ்வொரு இரும்புக் கயிற்றின் மேலும் உள்ளங்கையை வைத்து, குதிரையைத் தட்டிக்கொடுப்பதுபோல் தட்டுவார். பிறகு சாக்பீஸால் தரையில் ஒரு கோடு கிழிப்பார். சாஹிப் தலையசைக்கும்வரை கோட்டுக்கு உள்ளே ஒருவரும் வரக்கூடாது. ஒருமுறை மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரையே ஒரு விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டினார். சாஹிப் வேலையை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. துரை தம் காலைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், பின்னால் போனார். சாஹிப் கோபத்தில் கத்தி நான் பார்த்ததே இல்லை. கத்தாததால்தான் எங்களுக்குப் பயம்.

முன் கிரேனுக்கு முனுசாமி அண்ணன். பின் கிரேனுக்கு ஏகாம்பரம். ஒருவர் எங்கள் ஜில்லா, இன்னொருவர் காஞ்சிபுரத்துப் பக்கம். பல வருடங்களாக இருவரும் சேர்ந்தே தூக்கியவர்கள். மேலே கூண்டிலிருந்து ஒருவருக்கொருவர் ஏதோ கத்திக்கொண்டே இருப்பார்கள். "வுடறேன் தம்பி!" என்பார் முனுசாமி. "வாங்கிக்கினேன் அண்ணே!" என்பார் ஏகாம்பரம். பொழுதுபோக்குக்குக் கத்துகிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இனி தேர்தல். முனுசாமி அண்ணன்தான் அப்போது சங்கச் செயலாளர். முந்தைய ஸ்டிரைக்கைத் துரையோடு பேசி முடித்துவைத்தவர். பாதி கிடைத்தது, பாதி கிடைக்கவில்லை. கிடைக்காத பாதிக்காக ஏகாம்பரம் எதிர்த்து நின்றார். முனுசாமிக்கு லாந்தர் சின்னம், ஏகாம்பரத்துக்குச் சம்மட்டி. படிக்காதவர்கள் அதிகம் என்பதால் படத்துக்கு எதிரே பெருவிரலை மையில் தோய்த்து வைப்பது ஏற்பாடு. தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் எல்லாரும் இரண்டு பக்கமும் இருந்தார்கள். அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று வீடுகூட உடைந்தது. நான் லாந்தர். கேட் மீட்டிங்கில் தொண்டை கிழியப் பேசினவன்.

ஓட்டுப் போட்டது ஷிப்ட் முடிகிற நேரத்தில். ஆட்கள் வேலைக் கையோடு ஓடி வந்தார்கள். எங்கள் ஷாப் கை எப்படி இருக்கும் என்று வெளியே இருந்து வந்த தேர்தல் அதிகாரிக்குத் தெரியாது. ஒருவன் பெருவிரலை லாந்தருக்கு நேரே வைப்பான். தாளை மடிக்கும்போது மற்ற விரல்களின் எண்ணெய் சம்மட்டியின் மேலே அப்பிவிடும். சம்மட்டிக்கு வைத்தவன் தாளில் லாந்தர் மேலே அப்பும். இரண்டு இடத்தில் குறி இருந்தால் செல்லாது என்பது விதி. அதிகாரி அப்படிப்பட்டவற்றை ஒதுக்கித் தள்ளினார். மிச்சத்தில் ஏகாம்பரம் கொஞ்சம் ஓட்டில் ஜெயித்தார். தள்ளின ஓட்டில் யாருடையது அதிகம் என்பது இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் எங்கள் லாந்தர் பக்கத்தில் ஒவ்வொருவனுக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது. ஏகாம்பரத்துக்கு 'எண்ணெய்ச் செயலாளர்' என்று நான்தான் பெயர் வைத்தேன். மறுநாள் காலனி முழுக்க அந்தப் பெயர் ஓடியது.

அதற்குப் பிறகு நடந்ததை அந்த ஷாப்பில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். தண்ணீர்ப் பானை இரண்டாயிற்று. சாப்பாட்டு நேரத்தில் குழம்பு கைமாறுவது நின்றது. சம்மட்டிக்காரன் வீட்டுக் காதுகுத்துக்கு லாந்தர்காரன் போகவில்லை. குழாயடியில் பெண்கள் குடத்தை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அடிதடி ஒன்றும் இல்லை. பேச்சுதான் இல்லை. ஷாப்பில் சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டது. அது எனக்கு ராத்தூக்கத்தைக் கெடுத்தது.

அந்த நிலையில்தான், தேர்தலுக்குப் பிறகு தூக்க வேண்டிய முதல் இன்ஜினாக, ஒரு பெரிய கூட்ஸ் இன்ஜின் வந்தது. கட்டினோம். சாஹிப் சுற்றி வந்து தட்டினார், கோடு கிழித்தார். நான் கை காட்டினேன். எழும்பிற்று. கையை மூடினேன், நின்றது. மறுபடி காட்டினேன், மறுபடி மூடினேன். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தூக்குவது வழக்கம். நாலைந்து தடவைக்குப் பிறகு பார்த்தால் இன்ஜினின் மூக்கு தாழ்ந்திருக்கிறது. என் கையில் தப்பில்லை. இருவரும் என் கையைத்தான் பார்த்தார்கள், சொன்னதைத்தான் செய்தார்கள். ஆனால் இன்ஜின் சாய்கிறது. சாய்ந்த உடம்பு முன் சக்கரத்து அச்சைக் கவ்விக்கொண்டு, சக்கரத்தையும் சேர்த்துத் தூக்கியது. கீழே நிற்க வேண்டிய சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. நான் கையை மூடி வாயைத் திறப்பதற்குள் பிடி நழுவிற்று. சக்கரம் தண்டவாளத்தில் விழுந்த சத்தத்தில் கூரைத் தகடெல்லாம் அதிர்ந்தது.

கோட்டுக்கு உள்ளே யாரும் இல்லை. அதனால் யாரும் சாகவில்லை.

இன்ஜினைத் திரும்ப இறக்கி உட்கார வைத்தோம். சக்கரம் உருட்டும் கும்பலின் மேஸ்திரி நரசிம்மலு கடப்பாரையைச் சுவரில் சாத்தினார். அவர் கும்பலில் இரண்டு கட்சியும் உண்டு. லாந்தர்காரர்கள், "ஏகாம்பரம் கையில தொங்குறதுக்கு அடியில நாங்க பூர மாட்டோம்" என்றார்கள். சம்மட்டிக்காரர்கள், "முனுசாமி வேணும்னே வுட்டான்" என்றார்கள். இன்ஜின் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அதன் பின்னால் ரிப்பேருக்கு வந்தவை வரிசை கட்டின. துரை வந்து பார்த்துவிட்டு, அடுத்த வார முடிவுக்குள் அது எழும்பாவிட்டால் இரண்டு டிரைவர்களையும் வேலையிலிருந்து நீக்குவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இருவரும் குடும்பஸ்தர்கள். கிரேனைத் தவிர வேறு வேலை தெரியாதவர்கள்.

சாஹிப் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "க்யா ரே, எட்டாம் கிளாஸ். சொல்லு. காய்கு, ஏன் சாய்ஞ்சுது?"

"தெரியலீங்க சாஹிப். நான் சரியாத்தான் காட்டினேன்."

"ஹவ், ஆமா. நீ சரி. அவன் சரி. இவனும் சரி. எல்லாம் சரி, இன்ஜின் மட்டும் தப்பு." மேலே கையைக் காட்டினார். "முனுசாமி கிரேன் பிரேக் ஜெர்மன் லடாயி டைம்ல தேஞ்சு போச்சு. புதுசு வரல்லே. ஒவ்வொரு தபா நிறுத்தினா ரெண்டு விரல் கீழே வழுக்கும். அது வழுக்கும்போது அவன் கத்துவான், இவன் அவ்வளவு இறக்குவான். அப்புறம்தான் லெவல். இப்போ எவன் கத்துறான்?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் கையை மட்டும் நம்பி எந்த இன்ஜினும் எழும்பியதில்லை. பாதி வேலை தலைக்கு மேலே அந்தக் கூச்சலில் நடந்துகொண்டிருந்தது. 'எதிரிக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்' என்று ஒருவர் வாயை மூடிக்கொண்டார். 'அவன் சொல்லாமல் நான் ஏன் இறக்க வேண்டும்' என்று மற்றவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"நீங்க சொன்னா கேப்பாங்க சாஹிப்."

"நக்கோ, வேணாம். நான் ஆர்டர் போட்டா வாய் தொறப்பான், மனசு தொறக்க மாட்டான். ஆபீஸர் சொல்லி நடக்கிற விஷயமா இது? உங்க சங்கத்தில் நீங்க ஒடைச்சீங்க. நீங்க ஒட்டவை."

முதலில் முனுசாமி அண்ணனிடம் போனேன். என் கட்சி, என் தலைவர். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். "இன்னாடா பேசறே? என் ஓட்டத் தூக்கிக் குப்பையில போட்டவனப் பாத்து நான் தம்பின்னு கூப்புடணுமா? நாக்கு வருமாடா?"

"வேலை பூடும் அண்ணே."

"பூட்டும் போ. ஊர்ல மாடு மேய்க்கறேன்." அவர் ஊரில் மாடும் இல்லை, மேய்க்க நிலமும் இல்லை. அது இருவருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மல்காஜ்கிரியில் ஏகாம்பரம் வீட்டுக்குப் போனேன். என் பக்கத்து ஆட்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று வழியெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்தது அவர் மனைவி பச்சையம்மாள்.

"அடடே, வாங்க. எண்ணெய்ச் செயலாளர் ஊட்டுக்கு எண்ணெய் கடன் வாங்க வந்தீங்களா?"

"இல்லக்கா... அண்ணனப் பாக்கணும்."

"ஓட்டுக்கு முன்னாடி அக்கா, ஓட்டுக்கு அப்புறம் பட்டப்பேரு, இப்போ மறுபடி அக்காவா? நல்ல படிப்பு படிச்சீங்க."

ஏகாம்பரம் பனியனோடு உட்கார்ந்து சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை, நானே உட்கார்ந்துகொண்டேன். சாஹிப் சொன்னதைச் சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை.

"பிரேக் வழுக்கும்னு எனக்குத் தெரியாதா? அவர் வாயத் தொறந்து சொல்லணும். நானா எப்பிடிக் கண்டுபிடிக்கறது, அங்கேர்ந்து?"

"நீங்க ஒருதபா அவரு ஊட்டுக்குப் போனா..."

"ஜெயிச்சவன் போனா பயந்துட்டான்னு சொல்லுவீங்க. நீதான் முதல்ல சொல்லுவே." சங்கிலியை விட்டுவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "கேளு. அந்தத் தாளெல்லாம் நானா தள்ளினேன்? அதிகாரி தள்ளினாரு. என் ஓட்டும் அதுல எவ்ளோ போச்சோ. ராத்திரி படுத்தா எனக்கே தோணுது, நெஜமாவே ஜெயிச்சமான்னு. அதுக்காக நான் தோத்தவன்னு ஆயிடுமா? சொல்லு, நீ படிச்சவன்."

கதவோரத்தில் நின்ற பச்சையம்மாள்தான் பேசினார்.

"ஏங்க, அந்த இன்ஜினு விழுந்து அடியில எவனாச்சும் செத்தா, அன்னிக்கு நீங்களும் அந்த முனுசாமியும் ஒரே பாடையில ஆளுக்கொரு பக்கம் தோள் குடுப்பீங்க இல்ல? அப்போ மட்டும் எந்தக் கட்சின்னு பாக்க மாட்டீங்க இல்ல? அந்தத் தோளக் கொஞ்சம் முன்னாடியே குடுத்தா இன்னா?"

ஏகாம்பரம் மறுபடி சங்கிலியைக் கையில் எடுத்துக்கொண்டார். எனக்குக் காப்பி வந்தது. அதைக் குடித்துவிட்டு, எதுவும் தீராமல் வெளியே வந்தேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஏகாம்பரம் கேட்டருகில் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றார். இரண்டு கட்சியும் தள்ளித் தள்ளி நின்று பார்த்தது. அவர் பேச்சாளர் இல்லை.

"நான் செயலாளர். அத விட்டுக் குடுக்க மாட்டேன்" என்று தொடங்கினார். லாந்தர் பக்கம் ஊளையிட்டது. "ஆனா கெடைக்காத பாதிக்காக துரை முன்னாடி பேசப் போறப்ப முனுசாமி அண்ணன் என்கூட வரணும். போன தபா அங்க என்ன பேசினாங்கன்னு தெரிஞ்ச ஆள் அவருதான். நான் அவரக் கொறை சொன்னேன். இப்பவும் சொல்றேன். அவர் பக்கத்துல நின்னு என்னைக் கொறை சொல்லட்டும். இன்னொண்ணு. அடுத்த தேர்தல்ல வாசல்ல சோப்பும் பஞ்சும் வெப்போம். கைய கழுவாம எவனும் ஓட்டுத் தாளத் தொடக்கூடாது."

இப்போது சம்மட்டிப் பக்கமும் ஊளையிட்டது. "ஜெயிச்சுட்டு எதுக்குய்யா காலப் புடிக்கறே?" என்று அவருக்காகப் போஸ்டர் ஒட்டினவனே கத்தினான். ஏகாம்பரத்துக்கு முகம் சிவந்தது. இறங்கித் தனியாக நடந்து போனார். எல்லாரும் முனுசாமி அண்ணனைப் பார்த்தார்கள். அவர் வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். "சோப்பாம்" என்றார். "தலைய நனைச்சப்புறம் சீயக்காத் தேடறான்." எழுந்து போய்விட்டார்.

போயிற்று என்று நினைத்தேன். சாஹிப் மட்டும், "நாளைக்கு தூக்கறோம்" என்றார்.

மறுநாள் சுற்றி வந்தார், தட்டினார், கோடு கிழித்தார். நரசிம்மலு கும்பல் கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ஷாப்பில் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு உயர்த்தினேன். இன்ஜின் எழும்பத் தொடங்கியது. கையை மூடினேன். நின்றது. மேலே ஒரு சத்தமும் இல்லை. மூக்கு தாழ்வது என் கண்ணுக்கே தெரிந்தது. இறக்கச் சொல்லிவிடலாம் என்று கையைத் திருப்பப் போனேன்.

"வுடறேண்டா, எண்ணெய்த் திருடா!"

முன் கிரேனிலிருந்து வந்தது. நான் வைத்த பட்டப்பெயரைவிட மோசம்.

பின் கிரேனில் ஒரு நொடி சத்தமில்லை. பிறகு, "வாங்கிக்கினேன்யா, ஸ்டிரைக்க வித்த கெழவா!"

பின்பக்கம் இரண்டு விரல் இறங்கியது. இன்ஜின் நேராயிற்று. நான் மறுபடி விரலை ஆட்டினேன், மறுபடி மூடினேன். மேலே மறுபடி வசவு. ஒவ்வொரு தடவையும் புதிது புதிதாகத் திட்டினார்கள். வாரக்கணக்கில் சேர்த்துவைத்த திட்டுகளெல்லாம் ஷாப் நடுவில், எல்லார் தலைக்கும் மேலே கொட்டின. எழுத முடியாதவை பல. கீழே யாரோ முதலில் சிரித்தார்கள். எந்தக் கட்சி என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை எடுக்க முடியாத வேலை. இன்ஜின் எழும்பி எழும்பி, சக்கரங்களை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, மட்டமாக நின்றது.

சாஹிப் தலையசைத்தார். கும்பல் அசையவில்லை. நரசிம்மலு மேலே காதைக் கொடுத்துக் கொஞ்சம் கேட்டார். பிறகு சுவரிலிருந்து கடப்பாரையை எடுத்தார்.

"வாங்கடா. திட்டிக்கிறானுங்க. இனிமே பயமில்ல."

லாந்தரும் சம்மட்டியுமாக அடியில் புகுந்தார்கள். கடைசிச் சக்கரம் வெளியே வரும்வரை என் மூடின கையை நான் தளர்த்தவில்லை.

அதோடு எல்லாம் சுபம் என்று எழுதினால் பொய். முனுசாமி அண்ணன் துரையைப் பார்க்க ஏகாம்பரத்தோடு போனார். துரை முன்னாலேயே, "அப்பிடியில்ல, இப்பிடி" என்று திருத்தினார். வெளியே வந்ததும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நடந்தார்கள். தண்ணீர்ப் பானைகள் ஒன்றாக வெகுகாலம் ஆயிற்று. ஏகாம்பரத்தை அவர் கட்சிக்காரர்கள் சிலர் மன்னிக்கவே இல்லை. மறுபடி 'தம்பி' என்ற வார்த்தை அந்தக் கூண்டிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. இன்ஜின்கள் மட்டும் எழும்பிக்கொண்டிருந்தன.

இதை ஒரு ராஜ்ஜியத்துக்குப் பொருத்திப் பார்க்கலாமா என்று நான் நிறைய யோசிக்கிறேன். பொருந்துமா, தெரியாது. ராஜ்ஜியத்துக்குக் கோடு கிழிக்க ஒரு கஃபூர் சாஹிப் இல்லை.

பரசுராமா, உன்னிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். நேற்று மாலை வாசகசாலைக்கு வந்தேன். உங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் ஜன்னலோரப் பெஞ்சில், மீதிப் பேர் வாசலோரப் பெஞ்சில். எல்லாரும் மரியாதையாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்கவில்லை, ஒரு சத்தமில்லை. தேர்தல் இன்னும் நடக்கக்கூட இல்லையே. எனக்கு அந்தச் சக்கரம் விழுந்த சத்தம் காதில் கேட்டுவிட்டது. உட்கார முடியாமல் எழுந்து வந்துவிட்டேன். இன்று மாலையும் வருவேன். எனக்குக் காப்பி வேண்டாம், மரியாதை வேண்டாம். நான் உள்ளே நுழையும்போது எவனாவது எவனையாவது வாய்விட்டுத் திட்டிக்கொண்டிருங்கள்.